அமானிதம் வைத்த திடல்

மட்டி அள்ளுகிற கிழக்குத் திடலுக்கு நடந்து போக முழுசாக ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவும் கடல் நன்றாக வற்றி மணல் வெளியே தெரிகிற நாளில். துனிசியக் கரையிலுள்ள பீர் ஸ்லாமாப் பெண்கள் அந்த ஒரு மணி நேரமும் வாயை மூட மாட்டார்கள். யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், எந்த மருமகள் எண்ணெயைக் கொட்டிச் சமைத்து வீட்டைக் கெடுக்கிறாள், எல்லாம் அந்த ஈர மணலில்தான் அலசப்படும். இரண்டு குளிர்காலமாக அந்தப் பேச்சும் இல்லை, நடையும் இல்லை. அக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் மறுபடி கிளம்பினார்கள். முப்பத்தொரு பேர். தலைத்துணிக்கு மேலே வைக்கோல் தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் மட்டி கிளறும் சின்ன அரிவாள், முதுகில் கூடை.

எல்லோருக்கும் முன்னால் மஹ்பூபா நடந்தாள். பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. நாற்பத்தெட்டு வயதுக்கு அவள் நடை வேகம்தான்.

"மைனி, கொஞ்சம் மெதுவா நட. திடல் எங்கயும் ஓடிப் போயிராது," என்றாள் பின்னால் வந்த ரெபஹ். மஹ்பூபாவின் புருஷன் பெல்காசெமுக்குக் கூடப் பிறந்த தங்கச்சி அவள்.

"ரெண்டு வருஷம் காத்திருந்தாச்சு. இன்னும் என்னட்டி மெதுவா?"

"காத்திருந்தது நாங்க. உனக்கென்ன, எங்க அண்ணன் அங்கயே காவல் கெடந்தாரு. நீ ராணியால்லா இருந்தே."

"ராணிதான். வந்து என் அடுப்படியைப் பாரு, ராணி கரி அள்ளுத அழகை."

பெண்கள் சிரித்தார்கள். ரெபஹ்வும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த கையோடு இடுப்பிலிருந்த போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டாள். பத்து மாதமாக அவள் அப்படித்தான். அவளுடைய மகன் நிஸார் போன டிசம்பரில் ஸர்ஸிஸ் பக்கத்துக் கடற்கரையிலிருந்து, "ம்மா, படகு வந்திருச்சு, ஏறப் போறேன்," என்று ஒரே ஒரு தடவை பேசினான். இத்தாலித் தீவான லம்பெதூசாவுக்குப் போகிற படகு. போய்ச் சேர்ந்தானா இல்லையா, அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவன் போனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். திடல் மூடிக் கிடந்ததால் அம்மாவுக்கு வேலையில்லை, அப்பா இறந்து நாலு வருஷம், வீட்டில் அடுப்பு எரிவது பெரும்பாடாக இருந்தது. ஒலிவப்பழம் பறிக்கப் போனாள், அடுத்தவர் வீட்டுத் துணி துவைத்தாள். அம்மா துணி துவைக்கப் போகிறதைப் பார்க்க மாட்டேன் என்றுதான் அவன் கிளம்பினான்.

திடலை மூடச் சொன்னது மூன்று நாட்டுத் திட்டம். துனிசியா, லிபியா, அல்ஜீரியா மூன்றும் சேர்ந்து கடலைக் காப்பாற்றுவது என்று ஒரு ஒப்பந்தம். மூன்று கரையிலும் ஒரே நாளில் ஒவ்வொரு இடத்தை மூடி, ஒரே நாளில் திறக்க வேண்டும். அதைச் சொல்ல தலைநகரிலிருந்து நஜ்லா என்கிற அதிகாரி வந்தபோது பெண்கள் அவளைத் தின்றுவிடுகிற மாதிரிப் பார்த்தார்கள். ரெண்டு குளிர்காலம் நாங்க எதைத் தின்னுறது என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? கோடையில் மட்டி எடுக்க முடியாது, குளிர்காலத்து வரும்படிதான் வருஷம் முழுக்க ஓடும்.

அன்றைக்கு எழுந்து பேசியவள் மஹ்பூபா. "நம்ம அம்மாமார் கூடை நெறைய அள்ளினாவ. நாம அரைக்கூடை. நம்ம மக வரும்போது என்ன இருக்கும்? லிபியாவுல ஒருத்தி, அல்ஜீரியாவுல ஒருத்தி இதே கேள்வியக் கேட்டுட்டு மூடச் சம்மதிச்சிருக்கா. நாம மட்டும் மாட்டோம்னா அவ மொகத்துல எப்படி முழிக்க?" என்றாள். காவலுக்கு யார் என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் கையில அமானிதமாக் குடுங்க. நான் பொறுப்பு."

அமானிதம் என்று சொல்லிவிட்டால் பீர் ஸ்லாமாவில் அதற்குமேல் பேச்சில்லை. ஒரு பொருளை ஒருவர் கையில் அமானிதமாகக் கொடுத்தால், திரும்ப வாங்குகிற நாள்வரை அதை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நகையை அண்டை வீட்டில் வைத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள், 'பத்திரமா இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டாளோ தொலைந்தாள். 'என்னைத் திருடின்னு சொல்லுதியா?' என்று தெருவே கூடிவிடும். போய்ப் பார்ப்பது என்பது காவல் காப்பவன் மூஞ்சியில் காறித் துப்புவதற்குச் சமம். அதனால்தான் அன்று முப்பத்தொரு பெண்களும் திடலிலிருந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை மணலை எடுத்துவந்து பெல்காசெமின் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவன் 'கபூல்', ஏற்றுக்கொண்டேன், என்று சொன்னான். முப்பத்தொரு தடவை சொன்னான். கடைசி மணல் ரெபஹ் வைத்தது.

நஜ்லாவுக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு வழக்கம் வேறு எந்த நாட்டிலும் கிடையாது என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனாள். பெல்காசெமுக்கு ஒரு படகும் மோட்டாரும் கொடுத்தார்கள். பெண்கள் திடலைச் சுற்றிப் பேரீச்ச மட்டைகளை நட்டு எல்லை கட்டினார்கள். நல்ல மட்டி எங்கே விளைகிறதோ அந்த இடத்தைச் சரியாக நடுவில் வைத்து, ஒரு களவும் இல்லாமல் கட்டினார்கள். பிறகு திரும்பி வந்தவர்கள் இரண்டு வருஷம் அந்தத் திசையில் கால் வைக்கவில்லை.

மட்டைகள் தூரத்தில் தெரிந்ததும் ஒருத்தி குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூத்தவளான மன்னூபியா இடுப்பு வலியை மறந்து ஓடினாள். மஹ்பூபா பிஸ்மி சொல்லி எல்லைக்குள் காலை வைத்து, குனிந்து மணலைப் பார்த்தாள்.

மட்டி உயிரோடு இருக்கிற மணலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அதைக் கண் என்பார்கள். கண் தெரிந்தால் அரிவாள் நுனியைச் செருகித் திருப்ப வேண்டியதுதான். மஹ்பூபா நாலடி நடந்தாள், பத்தடி நடந்தாள். ஒரு கண்கூட இல்லை. மணல் முழுக்க நீள நீளமாகச் சால் விழுந்திருந்தது. கடற்புல் வேரோடு பிய்ந்து கறுத்துக் குவிந்து கிடந்தது. காலை வைத்த இடமெல்லாம் உடைந்த ஓடு நொறுங்கியது.

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது.

"நண்டு தின்னுருச்சோ?" என்றாள் ஒருத்தி. "இந்த நீல நண்டு வந்ததுலருந்து..."

"நண்டு ஏர் பூட்டியா உழும்?" ரெபஹ் குந்தி உட்கார்ந்து ஒரு சாலுக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போயிற்று. "இழுவைமடி வலை போட்டிருக்கானுவ. அடியில சங்கிலி கட்டி இழுத்திருக்கானுவ. இது ஒரு நாள் வேலை இல்ல மைனி. இங்க பாரு, பழைய சால் மேல புதுச் சால்."

மன்னூபியா மணலில் உட்கார்ந்துவிட்டாள். "கடல் ஏத்தத்து நேரத்துல இங்க படகு நிக்குறத நான் என் மாடியிலருந்து பாத்திருக்கேன். பெல்காசெம் காவல் காக்கான்னு நெனச்சேன். ஏ, குளிர்ல கெடக்கானேன்னு அவனுக்காக அல்லாகிட்டக் கையேந்தி துஆ செஞ்சேனே! யா ரப்பி, என் துஆவை யாரு வாங்கிட்டுப் போனா?"

முப்பது முகமும் மஹ்பூபாவைப் பார்த்தன. அவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கவே பக்கத்திலிருந்த மட்டையைப் பிடித்தாள். அதில் ஒரு முழ நீளத்துக்கு நைலான் வலை சிக்கிக் கிழிந்து கிடந்தது. கிழிசலை யாரோ முன்பே ஒரு தடவை முடிந்து தைத்திருந்தார்கள். அந்த முடிச்சுகளை அவள் விரல்தான் முதலில் கண்டுகொண்டது. எல்லா முடிச்சும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இடக்கைக்காரன் போட்ட முடிச்சு. பீர் ஸ்லாமாவில் வலை முடிகிற இடக்கைக்காரன் ஒருவன்தான் உண்டு. அவனுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அந்த வலைத்துண்டைப் பிய்த்துக் கூடைக்குள் போட்டு, மேலே வைக்கோல் தொப்பியை வைத்து மூடினாள்.

"அவுகளக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்," என்றாள்.

ரெபஹ் எழுந்து அவள் தோளைப் பிடித்தாள். "மைனி, நீ ஏன் இப்படி வெறைச்சு நிக்குத? அண்ணன் மேல யாரும் ஒரு சொல் சொல்லல. அவரையும் ஏமாத்திட்டு எவனோ பண்ணிருக்கான். அண்ணன் கேள்விப்பட்டா நெஞ்சு வெடிச்சுல்லா போவாரு. பக்குவமாச் சொல்லு."

திரும்பி நடந்த ஒரு மணி நேரமும் யாரும் பேசவில்லை. தெற்கிலிருந்து காய்ந்த காற்று அடித்து, மணல் பல்லுக்குள் போய்க் கரகரத்தது. வெறுங்கூடை முதுகில் தட்டித் தட்டி அவமானமாக இருந்தது.

வீட்டில் பெல்காசெம் கரியடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். மகன் வஜ்தி குளித்துவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷமாகப் படகு முதலாளி மிலாத்திடம் வேலை. ஆழ்கடல் இறால் படகு என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை மஹ்பூபா ஊறப்போட்டுப் போன உலர்ந்த பேய்க்கணவாய் சட்டியில் பருத்துக் கிடந்தது. இன்றைக்குப் பார்லி குஸ்குஸில் கணவாயோடு மட்டியும் போட்டு ஆக்குவதாகத் திட்டம்.

அவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து, கூடையிலிருந்து வலைத்துண்டை எடுத்து டீத்தட்டின் மேல் போட்டாள். கண்ணாடி டம்ளர் ஒன்று உருண்டது.

வஜ்தி பார்த்தான். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"யாரு முடிச்சு இது?"

"ம்மா..."

"யாரு முடிச்சுன்னு கேட்டேன்."

"என்னோடதுதான்."

"எத்தன தடவ இழுத்தீங்க?"

வஜ்தி அப்பாவைப் பார்த்தான். பெல்காசெம் டீயை அடுப்பிலிருந்து இறக்கினான். "அவனக் கேக்காத. எங்கிட்டக் கேளு. ஏத்தம் நல்லா இருக்கும்போதெல்லாம் போனாவ. ரெண்டு குளிர்காலமும்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"படகுலதான் இருந்தேன். தூரத்துல நின்னேன்."

"காவலுக்கா?"

"வேற யாரும் வந்துரக் கூடாதேன்னு."

மஹ்பூபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேவிட்டாள். "ஆக, காவல்தான் காத்திருக்கீங்க. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுட்டுத் திருடனுக்குக் காவல் காத்திருக்கீங்க!"

"சத்தம் போடாத, அக்கம்பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்! காலையில நான் கெளம்பும்போது என்ன சொன்னீங்க? 'வெயில் அடிக்கும், தண்ணி எடுத்துக்க'ன்னு சொன்னீங்க. அங்க ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சே என்னை முப்பது பொம்பளையளுக்கு முன்னால நடக்க விட்டீங்க. குலவை போட்டுக்கிட்டுப் போனோமே! தண்ணி எடுத்துக்கன்னு சொன்ன வாய் இதச் சொல்லக் கூடாதா?"

பெல்காசெம் உருண்ட டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய கொடுமை. இருபத்தைந்து வருஷத்தில் அவள்மேல் ஒரு நாள் கை ஓங்கியதில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"திடலை மூடி ஒரு மாசம்கூட ஆகல. உன் மகன் பையைக் கட்டிட்டான். நீ ஒலிவ மரத்துக்குப் போயிருந்த. ஸர்ஸிஸுக்குப் போற கார்ல ஏறப் போனவன நான்தான் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இங்க எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுன்னு கேட்டான். நான் என்ன சொல்ல? மிலாத்கிட்டப் போனேன். படகுல சேத்துக்கறேன், நீ கிழக்குத் திடல் பக்கம் பாக்காதன்னான். நான் பாக்கல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"கடல்ல எத்தன பிள்ளையளு போச்சு, நீயே எண்ணிப் பாரு. என் மகன் என் முற்றத்துல உக்காந்து டீ குடிக்கான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ ஒத்துக்கிருப்பியா?"

மஹ்பூபா வாயைத் திறந்தாள். ஒத்துக்கொண்டிருப்பாளா? மகன் பையோடு வாசலில் நிற்கிறான் என்று தெரிந்திருந்தால்? அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அறுத்தது. இனி அது தெரியப் போவதும் இல்லை, அந்த நாளை இந்த மனுஷன் அவளிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டான். முதல் தடவையாக அவள் வாயில் மரியாதை போயிற்று.

"நீ யாரு எனக்காக முடிவு பண்ண? ஒத்துக்கிருந்தா நானே சங்கத்துல போயி சொல்லிருப்பேன். என் மகனுக்காக அமானிதத்தத் திருப்பி வாங்கிக்கோங்கன்னு ஒவ்வொருத்தி கால்லயும் விழுந்திருப்பேன். அவளுவளும் வயித்துல சுமந்து பெத்தவளுவதான். நீ என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட. தெரியாமலே ரெண்டு வருஷம் பொய்க்காரியா வாழ்ந்திருக்கேன்."

"நஜ்லாவுக்கும் தெரியும்," என்றான் பெல்காசெம், ஏதோ அதில் ஆறுதல் இருக்கிற மாதிரி. "வசந்த காலத்துல முக்குளிக்கறவனக் கூட்டிட்டு வந்து பாத்தா. பாத்துட்டு, மூணு நாட்டுக் கூட்டம் முடியறவரைக்கும் யாருக்கும் உண்மை தெரிய வேண்டாம்னா. நண்டு, கடல் சூடு, இப்படி ஏதாவது எழுதிக்கலாம்னா."

மஹ்பூபா அப்படியே திரும்பி அடுக்களைக்குள் போனாள். கணவாயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். ஆக்கித்தான் ஆக வேண்டும், மூன்று வயிறு இருக்கிறது. மிளகாய் விழுதை எண்ணெயில் போட்டதும் எழுந்த கமறலில் அவளுக்கு அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

வஜ்தி வந்து நிலையில் சாய்ந்து நின்றான்.

"ம்மா. எனக்கு மொதல்ல தெரியாது. மிலாத் எங்க போறம்னு சொல்லல. மட்டையப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சதுக்கப்புறம்?"

அவன் நகத்தால் நிலையைச் சுரண்டினான்.

"அந்தத் திடல்ல உன்னை இடுப்புல தூக்கிட்டு நடந்திருக்கேன்டா நான்."

"எறங்கிருக்கணும். எறங்கல." நிமிராமலே சொன்னான், "நீ கூட்டத்துல சொன்னா மிலாத்த பிடிப்பாவ. என்னையும் பிடிப்பாவ. நான் ஜெயிலுக்குப் போகமாட்டேன்மா. இப்பவே சொல்லிட்டேன். நான் இங்க இருக்க மாட்டேன்."

"மிரட்டுதியா?"

"இல்லம்மா. சொல்லுதேன்."

அன்று மூவரும் சாப்பிட்டார்கள். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை மதியம் நஜ்லா வந்தாள். பெல்காசெம் போனில் சொல்லியிருப்பான் போல. வாசலில் காரை நிறுத்திவிட்டு, மஹ்பூபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான், மஹ்பூபா அவளுக்கு எத்தனையோ தடவை சோறு போட்டிருக்கிறாள்.

"அக்கா, எனக்கு உங்க மனசு புரியுது. ஆனா நாளைக்குக் கூட்டத்துக்கு லிபியாவுல ஸுவாராவுல இருந்து வராங்க, அல்ஜீரியாவுல அல்-காலாவுல இருந்து வராங்க. அங்கயும் பெண்கள் உங்களை நம்பித்தான் மூடி வெச்சிருக்காங்க. பீர் ஸ்லாமாவுல இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா திட்டமே கலைஞ்சிரும். கடல் சூடாயிருச்சு, நண்டு பெருகிருச்சுன்னு சொல்லுவோம். அதுவும் முழுப் பொய் இல்லையே."

"நீ வசந்த காலத்துலயே பாத்துட்ட."

நஜ்லா கையை விட்டாள்.

"பாத்துட்டு ஏழு மாசம் என் வீட்டுக்கு வந்துபோனே. என் கையால சாப்பிட்டே. ரெபஹ் மகனுக்காக ஒக்காந்து அழுதப்ப நீயும் கூட ஒக்காந்து அழுத. இந்தத் தியாகத்துக்குப் பலன் கிடைக்கும்னு அவகிட்டச் சொன்னே. அப்போ உனக்குத் தெரியும்."

"நான் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும், அக்கா? திடல் திரும்பி வந்திருமா?"

"வந்திருக்காது. ஏழு மாசமா இல்லாத மட்டிய நம்பிக் காத்துக் கெடக்காம, முப்பது பொம்பளையளும் வேற பொழைப்பாவது தேடிருப்பாளுவ."

நஜ்லா போகும்போது, "நல்லா யோசிங்க. வஜ்தியையும் நினைச்சுக்கோங்க," என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. மஹ்பூபாவுக்கு அது உடம்பெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் ரெபஹ் வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணன் எப்படி இருக்காரு? சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். பயந்தமாதிரி நின்ற மஹ்பூபாவிடம், "நீயும் மனசு விட்டுராத மைனி. நாம கையில அமானிதம் வெச்சோம், அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். செஞ்சவன் நல்லா இருக்க மாட்டான்," என்றாள். வஜ்தி உள்ளேயிருந்து வந்தபோது அவன் தலையைக் கோதிவிட்டு, "நீயாவது இங்க இருக்கியேய்யா. உங்கம்மாவுக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வஜ்தி நேரே கழுவுமிடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை. மீன் ஏலக் கொட்டகையைக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, 'ஒரே கடல், ஒரே கை' என்று மூன்று கொடியோடு துணி கட்டியிருந்தார்கள். மேசையில் பேரீச்சம்பழம், ஜூஸ், எள் தூவிய இனிப்பு. ஸுவாராவிலிருந்து மீனவர் தலைவர் ஒருவரும், அல்-காலாவிலிருந்து தடித்த ஓர் அம்மாளும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். முப்பது பெண்களும் வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். யார் முகத்திலும் ரத்தமில்லை. மஹ்பூபா ஒன்றும் வந்து சொல்லாததால், திடலைப் பற்றி நஜ்லா சொல்லப் போவதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

நஜ்லா பேசினாள். பருவநிலை மாற்றம் என்றாள், கடல் சூடு என்றாள், அந்நிய நண்டு என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நண்டு ஏர் பூட்டாது என்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு படித்தவள் சொல்லும்போது எழுந்து மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியாக, இரண்டு வருஷம் வெயிலிலும் குளிரிலும் திடலைக் காத்த பெல்காசெமுக்கு மூன்று நாடுகளும் சேர்ந்து கொடுக்கிற பாராட்டுப் பத்திரம் என்றாள். கண்ணாடி போட்டு, சட்டம் கட்டிய பத்திரம்.

பெல்காசெம் எழுந்திருக்கவில்லை. ரெபஹ் பின்னாலிருந்து, "போ அண்ணே, கூப்பிடுதாவல்லா," என்று அவன் முதுகைத் தொட்டுத் தள்ளினாள். அவன் எழுந்து முன்னால் போனான். அவள் கை தட்டினாள். அவள் தட்டவும் மற்றப் பெண்களும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைத்தான் மஹ்பூபாவால் தாங்க முடியவில்லை. எழுந்தாள். கொட்டகைக் கதவருகே வஜ்தி நிற்பது தெரிந்தது. அவன் தோளில் பை இருந்தது. பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவருக்கு அதக் குடுக்காதீங்க. திடலை நண்டு திங்கல. மிலாத்தோட படகு ரெண்டு குளிர்காலமும் இழுவைமடி போட்டு இழுத்திருக்கு. என் வீட்டுக்காரர் தெரிஞ்சே வழி விட்டிருக்காரு. அந்தப் படகுல என் மகன் வஜ்தி வேலை பாத்திருக்கான். வலையில அவன் முடிச்சை நானே பாத்தேன், பாத்துட்டுத் திங்கக்கிழமை உங்ககிட்ட மறைச்சேன். அமானிதத்துக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன். இப்ப வந்து நிக்கேன்."

நஜ்லா மைக்கைப் பிடித்தாள். "மஹ்பூபா அக்கா ரொம்ப வேதனையில இருக்காங்க, அவங்க சொல்ல வர்றது..."

அல்-காலா அம்மாள் நாற்காலியிலிருந்தே கையை உயர்த்தினாள். "இரும்மா. அவ அரபிதான பேசுதா? எங்களுக்கு நல்லாவே வெளங்குது. நீ ஒக்காரு."

கொட்டகையில் சத்தம் பொங்கியது. ஒருத்தி ஒலிவ மரத்தில் ஏறிக் கை ஒடிந்ததைச் சொல்லிக் கத்தினாள். ஒருத்தி வளையலை விற்றதைச் சொன்னாள். மன்னூபியா முன்னால் போய் பெல்காசெமின் காலடியில் துப்பினாள். "என் துஆவைத் திருப்பிக் குடுடா!" என்று அலறினாள். ஸுவாரா மீனவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊர்ப் பொம்பளையளுக்கு நான் போயி என்ன சொல்லுவேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். பெல்காசெம் நின்ற இடத்திலேயே நின்றான். மஹ்பூபாவும் நின்றாள். எல்லா ஏச்சும் தன்மேல் விழட்டும் என்றுதான் நின்றாள்.

ரெபஹ் மட்டும் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தாள். அவள் கோபமாக வந்திருந்தால் மஹ்பூபாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மஹ்பூபாவைப் பார்க்கவே இல்லை. அண்ணனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே."

பெல்காசெம் நிமிர்ந்தான்.

"வஜ்தி ஊரை விட்டுப் போகாம இருக்கத்தான் இதச் செஞ்சியா?"

ஆமாம் என்று தலையசைத்தான்.

"மிலாத் படகுல எத்தன பேரு?"

"அஞ்சு பேரு."

"அஞ்சு பேருக்கு மேல எடமில்லியா?"

அவன் கொடிகளின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"கேக்கேன்லா. எடமில்லியா?"

"ஆறு பேரு போலாம்," என்றான் அவன். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"நிஸார் பேரைச் சொன்னியா?"

கொட்டகையில் சத்தம் அடங்கிவிட்டது. பெல்காசெமின் உதடு அசைந்தது. இல்லை என்றுதான் அசைந்தது.

ரெபஹ் அவன் சட்டையை இரண்டு கையாலும் பற்றினாள். உலுக்கவில்லை, அடிக்கவும் இல்லை, விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்ட மாதிரி பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா அண்ணே? திடலுக்கு நானே முன்னால நடந்து வழி காட்டிருப்பேனே."